தென்னையில் காய் வெட்டும்போது கூடு விழுந்துவிட்டது: கண் திறக்காத அணில் குட்டியை என்ன செய்வது?

பாளை செல்வி:

வணக்கம். நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். இன்று காலை வீட்டுக்குப் பின்னால் தென்னையில் காய் வெட்ட ஆள் ஏறினார். காய்ந்த மட்டையைக் கழித்தபோது அதோடு சேர்ந்து ஒரு அணில் கூடும் கீழே வந்துவிட்டது. உள்ளே இரண்டு குட்டிகள். ஒன்று விழுந்த இடத்திலேயே போய்விட்டது. இன்னொன்று உயிரோடு இருக்கிறது. கண் திறக்கவில்லை, முடியும் முளைக்கவில்லை, முதுகில் கோடு மட்டும் மங்கலாகத் தெரிகிறது. பின்னங்காலில் சிராய்ப்பு. கொஞ்சம் ரத்தம் வந்து நின்றுவிட்டது. தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது, அதிகம் அசையவில்லை.

பால் கொடுக்கலாமா? எவ்வளவு? காயத்துக்கு மஞ்சள் வைக்கச் சொல்கிறார் மாமியார். தாய் அணில் மரத்தில் கத்திக்கொண்டே இருக்கிறது, ஆனால் மனிதர் கை பட்டதால் இனிமேல் சேர்க்காது என்று காய் வெட்டிய அண்ணன் சொல்கிறார். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் குட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறான். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வள்ளியூர் முருகன்:

அக்கா, பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பஞ்சைத் திரியாக்கி நனைத்து வாயில் வையுங்கள், சப்பிக் குடிக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒன்றை வளர்த்தோம்.

ஈத்தாமொழி டீச்சர்:

செல்வி, பால் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இந்த நிமிடத்து ஆபத்து. முடி முளைக்காத குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்துதான் சூடாக இருக்கும். உடம்பு குளிர்ந்துவிட்டால் குடல் வேலை செய்யாது. அந்த நேரம் உள்ளே போகும் பால் செரிக்காமல் கிடந்து வயிறு ஊதிவிடும். நான் பார்த்தவரை, பசியில் போன குட்டிகளைவிட அவசரப்பட்டுக் கொடுத்த பாலில் போன குட்டிகள்தான் அதிகம். முருகன் தம்பி தப்பாக நினைக்க வேண்டாம், பசும்பாலும் பாக்கெட் பாலும் அணிலுக்குச் சேராது. வயிற்றால் போகும். இந்த அளவு உடம்பில் நீர்ச்சத்து வற்ற ஒரு ராத்திரி போதும்.

எங்கள் ஊர் தென்னைக்குப் பேர்போனது. 45 நாளுக்கு ஒருமுறை வெட்டு நடக்கும். வெட்டு நடக்கிற வாரம் என்றால் யாராவது ஒருவர் சிரட்டையிலோ துண்டு மடிப்பிலோ ஒரு குட்டியை ஏந்திக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பார். ஓய்வு பெற்ற பிறகு என் பகல் பொழுது முக்கால்வாசி இதில்தான் போகிறது. அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

குட்டியை உள்ளங்கையில் வைத்து இன்னொரு கையால் மூடிக்கொள்ளுங்கள். அதற்குள் மகனிடம் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்து, கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் நிரப்பச் சொல்லுங்கள். அவனுக்கும் ஒரு வேலை ஆகும். பாட்டிலைப் பழைய வேட்டித் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். மறுபக்கம் வெறும் துணி. சூடு கூடிப்போனால் குட்டி நகர்ந்து ஒதுங்க இடம் வேண்டும். டவல் விரிக்காதீர்கள், அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டி விரல் திருகிக்கொள்ளும். பெட்டியை மேசைமேல் வைத்து, மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். ரத்த வாடைக்கு எறும்பு எங்கிருந்தோ வந்துவிடும், குட்டியால் உதறிக்கொள்ள முடியாது. ஃபேன் காற்று படவே கூடாது. தலைக்கு மேலே பல்பும் வேண்டாம், தோல் காய்ந்துபோகும்.

மஞ்சள் வேண்டாம். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பொடி சிராய்ப்பில் ஒட்டிக் காய்ந்தால் பிறகு உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்புக் கரைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது பஞ்சில் தொட்டு ஒற்றி எடுங்கள். அப்புறம் பொவிடோன் அயோடின் மருந்தைத் தண்ணீரில் கலந்து, பாலில்லாத தேநீர் நிறத்துக்கு வந்ததும் ஒரு சொட்டு. அவ்வளவு போதும்.

இன்னொன்று, இதைப் பலர் பார்ப்பதில்லை. வெளிச்சத்தில் வைத்து மூக்கு, காது மடிப்பு, வாலடி, சிராய்ப்பின் ஓரம் எல்லாம் கூர்ந்து பாருங்கள். வெள்ளையாகப் பொடிப்பொடியாக ஏதாவது கொத்தாக ஒட்டியிருந்தால் அது ஈ முட்டை. காயம்பட்ட குட்டி தரையில் கொஞ்ச நேரம் கிடந்தாலே ஈ உட்கார்ந்து இட்டுவிடும். மறுநாளே புழுவாகிவிடும். மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷை உப்புநீரில் நனைத்து ஒன்று விடாமல் தட்டி எடுத்துவிடுங்கள்.

இனி தாய். அது மரத்திலேயே இருந்து கத்துகிறது என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. மனிதர் தொட்டால் சேர்க்காது என்பது ஊரெல்லாம் சொல்வதுதான், ஆனால் உண்மை இல்லை. அணில் தன் குட்டியை எடுத்துக்கொள்ளும். பறவைகளும் பெரும்பாலும் அப்படித்தான், கூட்டுக்குத் திரும்ப வைத்த குஞ்சுக்கு வந்து இரை கொடுக்கும். ஆனால் குளிர்ந்து போய் அசையாமல் கிடக்கிற குட்டியைத் தாய் விட்டுவிடலாம். அதனால்தான் சூடு முதலில் என்றேன்.

குட்டி நன்றாகச் சூடேறி நெளிய ஆரம்பித்ததும், ஒரு சின்னப் பனையோலைப் பெட்டியில் விழுந்த கூட்டின் நாரையே போட்டு, அடியில் வெந்நீர்ப் பாட்டிலோடு குட்டியை வையுங்கள். அதே தென்னையில் உங்கள் தலைக்கு மேலே வருகிற உயரத்தில், நிழல் பக்கமாகக் கட்டுங்கள். மூடி போடாதீர்கள். பிறகு எல்லோரும் வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாக மட்டும் பாருங்கள். கீழே ஆள் நின்றால் தாய் இறங்காது. தெருப் பூனை இருந்தால் ஒருவர் தூரத்தில் காவல் இருக்கட்டும். மணிக்கு ஒருமுறை பாட்டில் தண்ணீரை மாற்றுங்கள். தாய் வந்தால் குட்டியை வாயில் கவ்வி வேறு கூட்டுக்குத் தூக்கிப் போகும். அணிலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கூடு இருப்பது வழக்கம்தான். வெயில் தாழும் வரை பொறுத்துப் பாருங்கள். இருட்டினால் அணில் வெளியே வராது, அதற்குமேல் காத்திருக்க வேண்டாம்.

உடன்குடி பனங்காடு:

டீச்சர் சொல்வது பறவைக்கும் பொருந்தும் என்பதால் இதையும் சேர்க்கிறேன். எங்கள் பக்கம் பனை உழவாரன் என்கிற சின்னப் பறவை உண்டு. பனையோலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் ஒட்டிய சின்னக் கூடு, முட்டையையும் எச்சிலாலேயே ஒட்டி வைக்கும். ஓலை வெட்டும்போதும் ஆடிக் காற்றிலும் ஓலையோடு குஞ்சும் விழும். வளர்ந்த உழவாரன் தரையில் கிடந்தால் இறக்கை ஒடிந்துவிட்டது என்று முடிவு கட்டிப் பெட்டியில் அடைத்துவிடுகிறார்கள். அதன் கால் பற்றித் தொங்கத்தான் ஏற்றது, தரையிலிருந்து எழும்புவது அதற்குக் கஷ்டம். இரண்டு இறக்கையும் ஒரே சீராக மடங்கி, காயம் எதுவும் இல்லை என்றால், திறந்த வெளியில் உள்ளங்கையை விரித்து உயரத் தூக்கிப் பிடியுங்கள். தெம்பு இருந்தால் தானே பறக்கும். மேலே வீசி எறியக் கூடாது. எந்தப் பறவை ஆனாலும் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் வாய் இருக்கிறது, நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

பாளை செல்வி:

டீச்சர், நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தோம். அரை மணி நேரத்தில் உடம்பு சூடாகி நெளிய ஆரம்பித்தது. ஈ முட்டை காதுக்குப் பின்னால் கொஞ்சம் இருந்தது, எடுத்துவிட்டேன். பெட்டியைக் கட்டி வைத்தோம். தாய் பாதி மரம் வரை இறங்கி வந்தது, அப்போது பார்த்து இரண்டு காகம் வந்து துரத்தின. திரும்பவும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனது, அப்புறம் ஆளைக் காணோம். இப்போது இருட்டிவிட்டது, உள்ளே எடுத்து வந்துவிட்டோம். குட்டி வாயைத் திறந்து திறந்து துணியில் தேடுகிறது. இப்போதாவது கொடுக்கலாமா?

ஈத்தாமொழி டீச்சர்:

கொடுக்கலாம், ஆனால் முதல் இரண்டு வேளை பால் இல்லை. மருந்துக்கடையில் ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கி, அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்து, அதிலிருந்து கொஞ்சம் எடுத்து அதே அளவு வெந்நீர் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் சூடும் குளிரும் தெரியாத பதம். அதே கடையில் 1 மில்லி டியூபர்குலின் சிரிஞ்ச் கேளுங்கள், ஊசி தனியாகக் கழன்று வரும். இன்சுலின் சிரிஞ்ச் சிலவற்றில் ஊசி கழலாது, அதை வெட்டி வைத்துக் கொடுக்கக் கூடாது.

பிடிக்கிற விதம்தான் உயிர். கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டுக் கொடுக்கவே கூடாது. துணியில் சுற்றி, வயிறு கீழே இருக்க, தலை லேசாக நிமிர்ந்து இருக்க உள்ளங்கையில் வையுங்கள். சிரிஞ்ச் நுனியில் ஒரு சொட்டு வெளியே தெரியும்படி அழுத்தி உதட்டோரம் தொடுங்கள். நாக்கு சின்னதாக வெளியே வந்து நக்கும், முன்னங்கால் இரண்டும் சிரிஞ்சைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். அது விழுங்குவதைத் தொண்டையில் பார்த்த பிறகுதான் அடுத்த சொட்டு. பசியில் அது அவசரப்படும், நாம் அவசரப்படக் கூடாது. மூக்கில் குமிழி வந்தால் அந்த நொடியே நிறுத்தி, தலையைக் கீழே சாய்த்து, பஞ்சின் முனையால் மூக்கைத் துடைத்து, மூச்சு சீராகும் வரை விட்டுவிடுங்கள். மூச்சில் ‘கிளிக் கிளிக்’ என்று சத்தம் கேட்டால் நுரையீரலில் நீர் போயிருக்கிறது என்று அர்த்தம், மருத்துவர்தான் பார்க்க வேண்டும். பஞ்சுத்திரி வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம். எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியாது, நாரும் வாயோடு போய்விடும்.

அளவுக்குக் குத்துமதிப்பு வேண்டாம். தெரிந்த நகைக்கடையில் எடை போட்டுப் பாருங்கள். உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்கு, அதுதான் ஒரு வேளை. 15 கிராம் குட்டி என்றால் முக்கால் மில்லி, அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். வயிறு உருண்டால் போதும், தோல் இழுபட்டு மினுமினுக்கக் கூடாது. இந்த வயதில் இரண்டு இரண்டரை மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும் எழுந்துதான் ஆக வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். கொஞ்சமாவது ஏறிக்கொண்டே வர வேண்டும்.

பாலுக்கு, செல்லப்பிராணிக் கடையில் நாய்க்குட்டிக்குத் தருகிற பால்பவுடர் வாங்குங்கள். நாளைக் காலைதான் கடை திறக்கும் என்றால் ராத்திரிக்கு ஓஆர்எஸ்ஸே போதும். பவுடர் கிடைக்கவே இல்லை என்றால், கிடைக்கும்வரை காய்ச்சி ஆறிய ஆட்டுப்பால். முதலில் ஓஆர்எஸ்ஸில் கால்பங்கு பால், அடுத்த சில வேளையில் பாதி, அப்புறம் முழுதாக. ஒரே அடியாக மாற்றினால் வயிறு ஏற்காது. கலந்த பாலை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

ஒவ்வொரு வேளை குடித்ததும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் வயிற்றின் அடியில், வாலைத் தூக்கி, மெதுவாக வருடிவிடுங்கள். கண் திறக்காத குட்டிக்குத் தானாகச் சிறுநீர் போகத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். இதைச் செய்யாமல் விட்டால், பால் எவ்வளவு சரியாகக் கொடுத்தாலும் பலன் இல்லை. சிறுநீர் வெளிர் மஞ்சளாக வந்தால் நல்லது, அடர்த்தியாக வந்தால் நீர்ச்சத்து போதவில்லை.

கிண்டி ராஜி:

டீச்சர் விரிவாகச் சொல்லிவிட்டார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்தக் குட்டியைப் பூனை கவ்வவில்லை என்பது உறுதிதானே? பூனைப் பல் பட்டிருந்தால் வெளியே ஊசி குத்தியது அளவுக்குத்தான் தெரியும், ஆனால் அதன் வாயில் உள்ள பாக்டீரியா ரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் கொன்றுவிடும். அப்படிப்பட்ட குட்டிக்கு அன்றைக்கே ஆன்டிபயாடிக் வேண்டும், அளவை மருத்துவர்தான் எடை பார்த்து எழுத வேண்டும். வீட்டில் இருக்கிற காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். சென்னை என்றால் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ், அடையாறில் பெசன்ட் நினைவு விலங்கு மருத்துவமனை, வேப்பேரி கால்நடைக் கல்லூரி என்று ஓடலாம். உங்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாளைக்கே காட்டிவிடுங்கள்.

வள்ளியூர் முருகன்:

டீச்சர், ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் வளர்ந்த அணில் நன்றாகத்தான் ஓடியாடிக்கொண்டு இருந்தது. சாதம், பிஸ்கட், வாழைப்பழம் எல்லாம் தின்னும். ஐந்தாறு மாதம் கழித்துப் பின்னங்கால் இரண்டும் இழுக்க ஆரம்பித்தது, எங்கும் விழவும் இல்லை. அது ஏன் என்று இன்றுவரை புரியவில்லை.

ஈத்தாமொழி டீச்சர்:

தம்பி, அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு. சாதத்திலும் பிஸ்கட்டிலும் அது போதிய அளவு கிடையாது, வீட்டுக்குள் வெயிலும் கிடையாது. ரத்தத்தில் குறைகிற கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். எலும்பு மெலிந்து, சும்மா குதித்தாலே முறியும். கூண்டில் வளர்க்கிற அணிலுக்கு வருகிற பெரிய நோய் இது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் மருத்துவர் தருகிற கால்சிய மருந்திலும் வெயிலிலும் தேறும். பால் மறக்கிற பருவத்திலிருந்தே முருங்கைக்கீரை, கொய்யா, ஊறவைத்த பயறு, தோலோடு நிலக்கடலை கொஞ்சம், மரப்பட்டை, இளந்தளிர் என்று கொடுக்க வேண்டும். பறவைக்கடையில் கணவாய் மீனின் ஓடு விற்கும், அதில் ஒரு துண்டு போட்டால் கொறித்துக்கொள்ளும். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் கொறிக்கக் கடினமாக ஏதாவது வேண்டும்தான். காலையில் அரை மணி நேரமாவது கண்ணாடி குறுக்கே வராத நேர் வெயில், பக்கத்தில் ஒதுங்க நிழல்.

பாளை செல்வி:

ராத்திரி முழுக்க ஓஆர்எஸ் கொடுத்தோம், மூக்கில் ஒருமுறைகூட வரவில்லை. சிறுநீர் வெளிர் மஞ்சள்தான். நகைக்கடையில் போட்டபோது 14 கிராம் இருந்தது. பூனை கவ்வவில்லை, விழுந்ததை நானே பார்த்தேன். இப்போது ராமையன்பட்டிக்குக் கிளம்புகிறோம். டீச்சர், இரண்டு கேள்வி. மகன் கையில் நகம் கீறியிருக்கிறது, ஊசி போட வேண்டுமா? அப்புறம், குட்டி பிழைத்தால் நாமே வளர்க்கலாம் என்று ஆசைப்படுகிறான், பெயர்கூட வைத்துவிட்டான். கடைசியில் விட வேண்டும் என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஈத்தாமொழி டீச்சர்:

கீறலைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லுங்கள். அணில், எலி போன்ற சின்னக் கொறிக்கும் பிராணிகளிடமிருந்து ரேபிஸ் வருவது மிக மிக அரிது. ஆனாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், டிடி என்கிற டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் அதைப் போடச் சொல்லலாம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன், வௌவால், கீரி, குரங்கு என்றால் கதை வேறு. அவற்றை வெறுங்கையால் தொடவே வேண்டாம், கடித்தாலும் கீறினாலும் தாமதிக்காமல் ரேபிஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

மகனிடம் நேராகச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு நேராகச் சொன்னால் புரியும். காட்டு உயிர்களைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்ள 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை, அதனால் வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிடுவது நல்லது. சட்டத்தைக்கூட விடுங்கள். மனிதரைப் பார்த்து ஓடாத அணில், பூனையைப் பார்த்தும் சரியாக ஓடாது. அதனால் கண் திறந்த பிறகு ஒருவர் மட்டுமே பால் கொடுக்க வேண்டும், தோளில் ஏற்றி விளையாடக் கூடாது, பேசிப் பழக்கக் கூடாது. அவனுக்கு வேறு பொறுப்பு கொடுங்கள். தினம் எடை பார்த்து நோட்டில் எழுதட்டும், தளிரும் கிளையும் பறித்துக் கொண்டு வரட்டும், தோட்டத்து அணில் என்னென்ன தின்கிறது என்று பார்த்து வந்து சொல்லட்டும். எங்கள் தெருவில் இப்படி நோட்டுப் போட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒருவருக்கும் விடும் நாளில் சமாதானம் சொல்ல வேண்டி வரவில்லை.

இயற்கையில் பால் மறக்கவே 10 வாரம் ஆகும். அதனால் அவசரம் வேண்டாம். கண் திறந்து நடமாட ஆரம்பித்ததும் உயரமான வலைக்கூண்டு ஒன்று செய்து, உள்ளே கிளைகளைச் சாய்த்து, மேலே ஒரு சின்ன மண்கலயத்தைப் படுக்கவாட்டில் கட்டி, தென்னை நார் போட்டு வையுங்கள். அதில் படுக்கப் பழகும். முழு முடி, புசுபுசு வால், நிலக்கடலைத் தோட்டைத் தானே உடைக்கிற பல், ஆள் வந்தால் கலயத்துக்குள் ஓடுகிற பயம், இது நான்கும் வந்த பிறகு கூண்டோடு கொண்டுபோய்த் தோட்டத்து மரத்தடியில் ஒரு வாரம் வையுங்கள். மற்ற அணில்களின் சத்தம் காதில் விழ வேண்டும். பிறகு மழையில்லாத ஒரு நாள் காலையில் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். சில குட்டி அன்றைக்கே போய்விடும், சில சாயங்காலம் கலயத்துக்குத் திரும்பி வரும். கலயத்தை அப்படியே மரத்துக்கு மாற்றிக் கட்டி, தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

அதெல்லாம் பிறகு. இப்போது கிளம்பும்போது பாட்டிலில் புது வெந்நீர் ஊற்றிக்கொள்ளுங்கள், ஃபிளாஸ்க்கிலும் கொஞ்சம் எடுத்துப் போங்கள், காத்திருக்க நேரமானால் மாற்றலாம். பஸ் என்றால் ஜன்னல் பக்கம் உட்கார வேண்டாம். பின்னங்கால் விரல்களை லேசாகத் தொட்டால் இழுத்துக்கொள்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். விழுந்த குட்டி என்பதால் முதுகெலும்பும் ஒருமுறை பார்க்கப்பட வேண்டும். அவர் சொன்னதை இங்கே எழுதுங்கள், பால் எந்த அளவில் தொடங்குவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.